சிஜிபிஏ சொல்வதும் சொல்லாததும்

கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. "இதுவரை என்ன பண்ணே?" என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஐந்து செமஸ்டர்களின் கிரேடு ஷீட். இன்னொன்று, வாரத்துக்கு ஒரு தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர் போடும் ஒரு சின்ன இணையதளம். சொந்தக்காரர்களுக்கு முதலாவது போதும். சீனியர்கள் சிலர் இரண்டாவதுதான் முக்கியம், மார்க்கெல்லாம் சும்மா என்கிறார்கள். இரண்டு பக்கமும் ரொம்ப உறுதியாகப் பேசுவதால், இந்த இரண்டும் உண்மையில் எதை அளக்கின்றன என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் தமிழ் இலக்கணமும் வரும். இரண்டுமே பத்தாம் வகுப்பு அளவுதான், பயப்பட வேண்டாம்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது?

முதலில் சிஜிபிஏ. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்போது இருப்பது பத்துப் புள்ளி முறை. 2015-இல் யுஜிசி வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த முறைதான் இருக்கிறது. ஓ என்றால் 10, ஏ பிளஸ் என்றால் 9, ஏ என்றால் 8, பி பிளஸ் 7, பி 6, இப்படியே இறங்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிரெடிட் உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். ஒரு பாடத்தின் கிரெடிட்டை அதில் வாங்கிய புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் அந்த செமஸ்டரின் ஜிபிஏ. எல்லா செமஸ்டர்களுக்கும் சேர்த்து இதையே செய்தால் சிஜிபிஏ. பள்ளியில் படித்த எடையிட்ட சராசரி, அவ்வளவுதான்.

என் நான்காவது செமஸ்டரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கணிதம் 4 கிரெடிட், ஏ. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 3 கிரெடிட், பி பிளஸ். டேட்டாபேஸ் 3, ஏ பிளஸ். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் 3, பி. ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் 3, ஏ. லேப் 2, ஓ. சுற்றுச்சூழல் பாடம் 2, ஓ. பெருக்கிக் கூட்டினால் 32 + 21 + 27 + 18 + 24 + 20 + 20 = 162. மொத்தம் 20 கிரெடிட். ஆக 8.1.

இப்போது வேறொரு மாணவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தியரியில் ஏ பிளஸ், டேட்டாபேஸில் ஏ, லேபில் பி பிளஸ், மற்றதெல்லாம் என்னைப் போலவே. அவனுக்கு 32 + 21 + 24 + 27 + 24 + 14 + 20. இதுவும் 162. அவனும் 8.1.

ஒருவன் கீபோர்டில் கை வேகமாக ஓடுபவன், நிரூபணம் என்றால் தடுமாறுபவன். இன்னொருவன் நேர் எதிர். இரண்டு பேரையும் ஒரே எண் ஒரே ஆளாக்கிவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சராசரியின் வேலையே அதுதான்: நிறைய எண்களை ஒரு எண்ணாகச் சுருக்குவது. சுருக்கும்போது எது காணாமல் போகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

கடைசி ஆண்டில் ஏன் அது அசையவே மாட்டேங்குது?

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு விஷயமும் கிடைக்கிறது. முதல் ஆண்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொறியியல் படிப்பு முழுவதற்கும் சுமார் 160 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் ஒரு கிரேடு கூடினால், அந்த செமஸ்டர் ஜிபிஏ 0.15 ஏறும் (3-ஐ 20-ஆல் வகுத்துப் பாருங்கள்). படிப்பு முடியும்போது மொத்த சிஜிபிஏவில் அதன் பங்கு 0.02 கூட இல்லை. இன்னும் தெளிவாகச் சொன்னால், 140 கிரெடிட் முடித்து 8.0 வைத்திருக்கும் ஒருவர், கடைசி 20 கிரெடிட்டில் எல்லாப் பாடத்திலும் ஓ வாங்கினாலும் 8.25-இல்தான் போய் நிற்பார். அதுக்கு மேல ஒரு புள்ளிகூட நகராது.

ஆனால் இந்த எண்ணைப் பயன்படுத்துபவர்கள் அதை ஒரே சீராகப் பயன்படுத்துவதில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பல, 6 அல்லது 7 என்று ஒரு கோடு போட்டுவிட்டு வருகின்றன. கோட்டுக்குக் கீழே இருந்தால் தேர்வு எழுதவே முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் 6.9-க்கும் 7.0-க்கும் நடுவில் இருப்பது ஒரு மதில் சுவர். 8.1-க்கும் 8.3-க்கும் நடுவில் இருப்பது வெறும் காற்று. மேல்படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்குக் கணக்கே வேறு, அங்கே 8.3 பேசும். ஆகவே "மார்க் முக்கியமா?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. நீங்கள் எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான் பதில். எனக்குக் கல்விக் கடன் இருக்கிறது, படிப்பு முடிந்ததும் வேலை வேண்டும், இப்போது 7.9-இல் நிற்கிறேன். ஏழாம் கோட்டிலிருந்து தள்ளித்தான் இருக்கிறேன், அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். மிச்ச நேரத்தை எங்கே போடுவது என்பதுதான் என் முன்னால் இருந்த உண்மையான கேள்வி.

மிச்ச நேரம் போன இடம்

கோபியில் இருக்கும் என் பெரியம்மா குறுக்கெழுத்து என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். வாரப் பத்திரிகையில் வருவதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருப்பார். "நீ கம்ப்யூட்டர்தானே கண்ணு படிக்கற, எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன்" என்றார். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அதை ஆரம்பித்தேன். இலவசமாக இடம் தரும் தளம் ஒன்றில் வெறும் நிலையான பக்கங்கள். சர்வர் செலவு இல்லை, விளம்பரம் இல்லை. சொற்களைத் தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்தேன். அதன் உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரச் சொல்கிறது, அதனால் பக்கத்தின் அடியில் அந்த வரி எப்போதும் இருக்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கட்டம் வரைவது ஒரு மாலை நேர வேலைதான். கட்டத்துக்குள் எழுத்தைப் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது.

எழுத்து என்றால் எது?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ், ஆக மூன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். ஏனென்றால் யூனிகோடில் 'மி' என்பது ம என்ற குறியீடும் இகரக் கொம்புக்கான குறியீடும் சேர்ந்தது. 'ழ்' என்பது ழவும் புள்ளியும். நமக்கு 247 எழுத்து. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இருப்பதே 128 இடங்கள்தான், அதிலும் பாதிக்குக் கிட்ட காலி. உயிர்மெய்கள் 216-க்கும் தனித்தனி இடம் கிடையாது. அகரம் ஏறிய 18 தவிர மற்றவை எல்லாம் ஒட்டுப் போட்டுத்தான் வருகின்றன.

ஆங்கிலக் குறுக்கெழுத்து செய்பவருக்கு இந்தப் பிரச்சினையே வராது. ஒரு குறியீடு, ஒரு கட்டம். நமக்கு, சொல்லை முதலில் எழுத்துகளாகப் பிரிக்க ஒரு கருவி வேண்டும். உலாவிகளில் இதற்கென்றே ஒரு வசதி வந்துவிட்டது, ஆனால் ஃபயர்ஃபாக்ஸுக்கு அது 2024-இல்தான் வந்தது. பழைய போன்களில் இருக்காது. ஆகவே நானே எழுத வேண்டியதாயிற்று.

இங்கேதான் எனக்கு பி கிரேடு தந்த தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் வந்து நிற்கிறது. அந்தப் பாடத்தின் முதல் யூனிட் ஃபைனைட் ஆட்டோமேட்டான். சில நிலைகள் மட்டுமே கொண்ட ஒரு கற்பனை இயந்திரம். இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியீடாகப் படிக்கும். இதுவரை என்ன படித்தது என்று அதற்கு ஞாபகம் இல்லை, இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பது மட்டும்தான் தெரியும். தேர்வில் இதைக் கேட்கும்போது 0, 1 என்று சரங்களைக் கொடுத்து "இரட்டைப்படை எண்ணிக்கையில் 1 இருக்கிறதா?" என்பார்கள்.

தமிழ் எழுத்தைப் பிரிப்பது அச்சு அசலாக அதே வேலை. உயிரோ ஆய்தமோ வந்தால் புது எழுத்து. க, ங, ச மாதிரி ஒரு குறியீடு வந்தாலும் புது எழுத்து. கொம்போ காலோ புள்ளியோ வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு. இவ்வளவுதான் விதி, இரண்டு மூன்று நிலைகளில் முடிந்துவிடும்.

சிக்கல் 'க்ஷ'வில் வருகிறது. 'பக்ஷி' என்பதைத் திரையில் பார்த்தால் ப, க்ஷி என்று இரண்டு வடிவம். யூனிகோடின் பொது விதிப்படி பிரித்தால் ப, க், ஷி என்று மூன்று. க், அதன்பின் ஷ என்று வருகிறதா என்று பார்க்க இன்னொரு நிலை சேர்த்தால் போதும். ஆனால் சேர்ப்பதா வேண்டாமா என்பதை எந்தப் பாடமும் சொல்லாது. அது கட்டத்தை நிரப்புபவர் எதை ஓர் எழுத்தாக நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது. பெரியம்மாவைக் கேட்டேன். "ஒரே கட்டம்தாங் கண்ணு, அதென்ன கேள்வி!" என்றார். நிலை சேர்ந்துவிட்டது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

அடுத்தது ஔகாரம். 'மௌனம்' என்ற சொல்லைச் சரியாக அடித்தால் மௌ, ன, ம், மூன்று கட்டம். ஆனால் இணையத்தில் பல இடங்களில் ஒற்றைக் கொம்பு போட்ட மகரமும், பக்கத்தில் ளகரமுமாக 'மெளனம்' என்று அடித்திருப்பார்கள். வாசிப்பவர் கண் அதைக் கவனிக்காமல் கடந்துவிடும். கட்டத்துக்கு அது மெ, ள, ன, ம், நான்கு. புதிரே குலைந்துவிடும்.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று 'கொ'. இதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகவும் வரலாம், தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் இரண்டு 'கொடி'யும் ஒன்றா என்று நிரலிடம் கேட்டால் இல்லை என்னும். இதற்கு யூனிகோடே தீர்வு வைத்திருக்கிறது. நார்மலைசேஷன் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மௌனத்துக்கு அது உதவாது, ஏனென்றால் ளகரம் உண்மையாகவே வேறு எழுத்து. அந்த வகைச் சொற்களைத் தனியாகப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன்.

டேட்டாபேஸ் பாடத்தில் 'பிரைமரி கீ' என்றால் ஒரு வரிசையை மற்றவற்றிலிருந்து தனித்து அடையாளம் காட்டுவது என்று இரண்டு மார்க்குக்கு எழுதுவோம். இரண்டு பதிவுகள் "ஒன்றே" என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி அந்தப் பதிலுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை இரண்டு 'கொடி'கள்தான் எனக்குக் காட்டின.

அகரவரிசையிலும் இதே கதை. குறியீட்டு எண் வரிசையில் அடுக்கினால் 'மனம்' முதலில் வரும், 'மரம்' பின்னால். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தே இருக்கிறது. நம் அகராதிகளில் னகரம் மெய்வரிசையின் கடைசி, ஆகவே மரம்தான் முன்னால் வர வேண்டும். "தமிழ் வரிசைப்படி ஒப்பிடு" என்று உலாவியிடம் சொன்னால் சரியாகச் செய்கிறது. சொல்லாவிட்டால் செய்யாது.

கட்டத்தை நிரப்புவது

இப்போது முக்கியமான வேலை. காலிக் கட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சொற்கள் பொருந்த வேண்டும். இருபது இடங்கள், ஒவ்வொன்றுக்கும் நூறு சொற்கள் பொருந்தலாம் என்று வைத்தால், எல்லாச் சேர்க்கையையும் பார்க்க 100-ஐ இருபது முறை பெருக்க வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் நாற்பது சைபர். எந்தக் கணினியும் முடிக்காது.

இந்தப் பிரச்சினைக்கு ஒரு பெயர் உண்டு என்பது முக்கியம். அல்காரிதம்ஸ் பாடத்தில் என்பி-கம்ப்ளீட் என்று ஒரு வகை வரும்: விடையைக் கொடுத்தால் சரிபார்ப்பது சுலபம், ஆனால் எல்லாச் சமயத்திலும் வேகமாக விடை கண்டுபிடிக்கும் வழி இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேரி, ஜான்சன் இருவரும் 1979-இல் வெளியிட்ட புத்தகத்தில் இத்தகைய பிரச்சினைகளின் நீண்ட பட்டியல் உண்டு. குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்புவது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இது தெரிந்ததால், கச்சிதமான வழி ஒன்றைத் தேடி மாதக்கணக்கில் அலையாமல், நேராக "ஓரளவு நன்றாக வேலை செய்யும் வழி என்ன?" என்ற கேள்விக்குப் போக முடிந்தது.

அந்த வழியும் பாடத்தில் இருப்பதுதான். ஒரு சொல்லை வை, அடுத்ததை வை, முட்டினால் பின்வாங்கி வேறு சொல்லை வை. கூடவே ஒரு தந்திரம்: பொருந்தும் சொற்கள் மிகக் குறைவாக இருக்கும் இடத்தை முதலில் நிரப்பு. கஷ்டமான விருந்தாளிக்கு முதலில் இலை போடுவது மாதிரி. "மூன்று எழுத்து, இரண்டாவது ர, மூன்றாவது ம்" என்று கேட்டால் மரம், தரம், வரம், கரம், உரம் என்று உடனே வர வேண்டும். அதற்கு "இந்த இடத்தில் இந்த எழுத்து வரும் சொற்கள்" என்று முன்கூட்டியே பட்டியல்கள் போட்டு வைத்து, இரண்டு பட்டியலுக்கும் பொதுவானதை எடுக்கிறேன். ஒரே ஒரு கேள்வி என்றால் பட்டியல் முழுவதையும் புரட்டினாலும் போன் தாங்கும். ஒரு கட்டத்தை நிரப்ப இப்படி ஆயிரக்கணக்கான கேள்விகள் ஓடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் எனக்கு அதிகம் கைகொடுத்தது கல்லூரிப் பாடமே இல்லை. பள்ளியில் படித்த நன்னூல். மொழிக்கு முதலில் வரும் எழுத்து 22, இறுதியில் வரும் எழுத்து 24 என்று மனப்பாடம் செய்திருப்போம், ஞாபகம் இருக்கிறதா? புள்ளி வைத்த மெய் எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. குறுக்கெழுத்துக்கு இதன் அர்த்தம் என்ன தெரியுமா? மேலிருந்து கீழாக வரும் 'மரம்' முடிகிற கட்டத்தில் இடமிருந்து வலமாக இன்னொரு சொல் தொடங்க முடியாது, ஏனென்றால் எந்தச் சொல்லும் 'ம்'-இல் தொடங்காது. நம் சொற்களில் ஏராளமானவை மெய்யில்தான் முடிகின்றன. ஆகவே ஒரு சொல்லின் முடிவும் இன்னொன்றின் தொடக்கமும் ஒரே கட்டத்தில் சந்திக்காதபடி கட்டத்தை வரைந்துவிட்டாலே, வீணான முயற்சிகளில் பெரும் பகுதி நின்றுவிடுகிறது. ரயில், லட்டு, டப்பா மாதிரிச் சொற்கள் 22 என்ற எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன, சரி. ஆனால் புள்ளி விதி, பிறமொழிச் சொற்கள், பெயர்கள் சிலவற்றைத் தவிர, இன்றும் அப்படியே நிற்கிறது.

எது எதை அளக்கிறது?

இதுவரை படித்தவர்களுக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரிந்திருக்கும். "பார்த்தீங்களா, பிராஜெக்ட்தான் உண்மையான படிப்பு" என்று முடிக்கப் போகிறேன் என்று நினைத்தால், இல்லை.

தளம் எனக்குக் கொடுத்தது கேள்விகளை. விடைகளைக் கொடுத்தது பாடத்திட்டம். ஆட்டோமேட்டானை நானாகத் தேடிப் போய்ப் படித்திருக்க மாட்டேன். என்பி-கம்ப்ளீட் என்ற சொல்லே தெரியாதவன் அதைத் தேடுபொறியில் எப்படித் தேடுவான்? நமக்குப் பிடித்ததை மட்டும் படித்தால், நமக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களைச் சுற்றியே சுற்றிக்கொண்டிருப்போம். பிடிக்காததையும் உட்கார்ந்து படிக்க வைப்பது பாடத்திட்டத்தின் பெரிய உபகாரம், அதற்கு அந்த கிரேடு என்ற பயமும் வேண்டியிருக்கிறது.

அதே சமயம், எனக்கு இந்தத் தளத்தில் அதிகம் உழைத்த பாடத்தின் கிரேடு பி. சுற்றுச்சூழலில் ஓ. தேர்வு அளந்தது, மூன்று மணி நேரத்தில், புத்தகமில்லாமல், வேறொருவர் தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு என்ன எழுத முடிந்தது என்பதை. அதை அது சரியாகவே அளந்தது. ஒரு வருடம் கழித்து, யாரும் கேள்வித்தாள் கொடுக்காதபோது, 'இது ஆட்டோமேட்டான் ஆச்சே' என்று அடையாளம் காண முடிகிறதா என்பது வேறு திறமை. அதை அளக்க அந்தத் தேர்வு வடிவமைக்கப்படவே இல்லை.

அப்படியானால் கம்பெனிகள் கிரேடை விட்டுவிட்டு பிராஜெக்டை மட்டும் பார்க்கலாமே? இதைத்தான் சீனியர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு தோழி தினமும் போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் செலவழிக்கிறாள். வீட்டுக்குப் போனதும் தறிக் கொட்டகையில் அப்பாவுக்கு ஒத்தாசை. சொந்த லேப்டாப் கிடையாது. பஸ்ஸில் நோட்ஸ் படிக்க முடியும், அதனால் அவள் சிஜிபிஏ என்னுடையதைவிட அதிகம். பஸ்ஸில் இணையதளம் கட்ட முடியாது. எனக்கு ஹாஸ்டல் அறையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றும், மாலையில் இரண்டு மணி நேரமும் இருக்கின்றன. நான் கட்டிய தளம் என் ஆர்வத்தைக் காட்டுகிறது, சரிதான். ஆனால் என்னிடம் ஓய்வு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. பிராஜெக்ட் மட்டும்தான் அளவுகோல் என்றால், அவள் ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோட்டுக்கே வர முடியாது. குறைகள் எத்தனை இருந்தாலும், ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளை, எல்லோருக்கும் கொடுக்கும் தேர்வு அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு "திறமைக்கு மதிப்பு" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். கிரேடு ஒரு நுழைவுச் சீட்டு, எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே விலையில் கிடைப்பது. பிராஜெக்ட் ஒரு கேள்வி இயந்திரம், வாங்க வசதியுள்ளவர்களுக்கு நிறையக் கற்றுத்தருவது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் யாராவது ஒருவருக்கு அநியாயம் நடக்கும். இரண்டையும் பாலமாக இணைக்கக் கூடியது கல்லூரிதான். ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ளே, லேப் நேரத்திலேயே, கல்லூரிக் கணினியிலேயே, மாணவர் தனக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்து தீர்க்க நாலு வாரம் ஒதுக்கினால், என் தோழி தறிக்கணக்கைக் கொண்டுவருவாள். பாவு எத்தனை, ஊடை எத்தனை, எந்த நூல் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் டேட்டாபேஸ் பாடத்துக்கு நான் பார்த்த எந்த உதாரணத்தையும்விட நல்ல உதாரணம்.

நான் கடைப்பிடிப்பது

யாருக்காவது உதவலாம் என்பதால் என் வழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, செமஸ்டர் தொடங்கும்போதே கிரெடிட் பட்டியலை எடுத்து, என்ன வந்தால் என் கோட்டுக்கு மேலே நிற்பேன் என்று கணக்குப் போட்டுவிடுவேன். பத்து நிமிட வேலை. தேவையில்லாத பயமும் போய்விடும், தேவையான பயமும் வந்துவிடும்.

இரண்டு, தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தளத்தில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஐந்து வாரத்துக்கான புதிர்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடுவேன். நாற்பது பேர்தான் ஆடுகிறார்கள் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை காலை புதிர் இல்லையென்றால் கோபியிலிருந்து போன் வரும்.

மூன்று, ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ் பக்கத்திலும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி வைக்கிறேன். தளத்திலிருந்து எழுந்த, எனக்கு விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். அடுத்த செமஸ்டரில் கம்பைலர் டிசைன் வருகிறது. அதன் ஓரத்தில் எழுதியிருப்பது: "மரத்தை, மரத்தில், மரத்தால் என்று யார் தேடினாலும் 'மரம்' என்று அடையாளம் காண, விகுதி பிரிக்கும் விதிகளை ஒரு மொழி மாதிரி எழுத முடியுமா?"

நவம்பரில் அந்தப் பாடத்தின் தேர்வு. கிரேடு என்ன வரும் என்று தெரியாது. கேள்விக்கு விடை கிடைத்ததா என்பதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.